புதன்கிழமை நாலு சென்டி

ஆற்றுக்குக் கிழமை தெரியுமா என்று நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். கேட்ட இடம் தப்பு. அலுவலகத்தில் டீ நேரம், எதிரே உட்கார்ந்திருந்தவர் எங்கள் பொறியாளர். அவருக்கு விளையாட்டுப் பேச்சு எடுபடாது. அந்த ஒரு கேள்வியால் ஒரு பெண் முப்பது வருடம் பார்த்த வேலை குப்பைக்கூடைக்குப் போகப் பார்த்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆற்றைக் கவனித்துக்கொள்ளும் அலுவலகத்தில் நான் தட்டச்சுக்காரி. அலுவலகத்திலிருந்து ஆறு பேருந்தில் இருபது நிமிடம். எட்டு வருட வேலையில் ஒருநாள்கூட நான் கரைக்குப் போனதில்லை. எனக்கு ஆறு என்றால் காகிதம். அந்த வருடம் பழைய நீர்மட்டப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றச் சொல்லியிருந்தார்கள். பழைய பாலத்தடியில் தினமும் காலை ஏழு மணிக்கு ஒருவர் தண்ணீரின் மட்டத்தைப் பார்த்து எழுதிய அறுபது நோட்டுகள், எல்லாம் ஒரே கையெழுத்து. எண்கள் உருண்டையாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தன. பிந்திய நோட்டுகளில் மட்டும் சில எண்களுக்குப் பக்கத்தில் பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. ஈக்களின் கைங்கரியம் என்று நினைத்து அவற்றை விட்டுவிட்டுத் தட்டினேன்.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. புரியாத ஒன்று கண்ணில் பட்டால் அதை அப்படியே விட்டுவிட்டுச் சோறு தின்ன முடியாது. கணினி போட்டுக்காட்டிய கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்படி ஒன்று கண்ணில் பட்டது. முதல் ஒன்பது வருடம் கோடு ஒழுங்காக ஓடியது. அதற்கப்புறம் ஏழு வருடம், மழையில்லாத மாதங்களில் மட்டும், வாரத்துக்கு ஒரு சின்ன மேடு. நாட்காட்டியை எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லா மேடும் புதன்கிழமை. செவ்வாய் நூற்று நாற்பத்தொன்று, புதன் நூற்று நாற்பத்தைந்து, வியாழன் மறுபடி நூற்று நாற்பத்தொன்று. கடைசிப் பதினான்கு வருடத்தில் மேடு காணாமல் போய்விட்டது.

இதைத்தான் டீ குடிக்கும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன். பொறியாளர் தம்ளரைக் கீழே வைத்தார். அவர் மேசையில் பென்சில்கள்கூட ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கும்.

"கிழமை பாத்து ஆறு ஏறுதா? அப்போ இது அளந்த கணக்கு இல்ல, வீட்ல உட்கார்ந்து எழுதின கணக்கு."

"சார், ஏதாவது காரணம் இருக்கலாம்..."

"ஏழு வருஷம் பொய்யா எழுதினவங்க மிச்சத்த மட்டும் ஒழுங்கா எழுதியிருப்பாங்களா? மொத்தத்தையும் ஒதுக்கி வச்சிடுங்க."

அந்தச் சமயத்தில் ஒதுக்கி வைப்பது சின்ன விஷயம் இல்லை. பாலத்துக்கு மேலே ஆற்றில் பெரிய குழாய் இறக்கி, பக்கத்து நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கலாமா என்று முடிவுசெய்யும் கூட்டம் மூன்று வாரத்தில் நடக்க இருந்தது. ஆற்றில் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று சொல்ல இந்த நோட்டுகளை விட்டால் வேறு ஆதாரம் கிடையாது. இவை போனால், குழாய் கேட்பவர்கள் தாங்களே எழுதிக்கொண்டு வரும் காகிதம்தான் மிஞ்சும். எனக்கு அதைவிட இன்னொன்று உறுத்தியது. அளவு பார்க்கும் அந்த அம்மாளுக்கு ஓய்வுபெற இரண்டே மாதம் இருந்தது. அறுபது நோட்டின் அட்டையிலும் 'நம்பத்தக்கதல்ல' என்று முத்திரை குத்தி அவரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். முத்திரையை எடுத்துக் கொடுத்தவள் நான்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குப் பாலத்தடியில் இறங்கினேன். அது செவ்வாய்க்கிழமை. பாலத்தை ஒட்டிய தெருவில் முதல் வீட்டு முன்னறையில் ஒருவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரம் சுழற்றிக்கொண்டிருந்தார். அளவு பார்க்கும் அம்மா வீடு எது என்று கேட்டேன்.

"இதுதான். ஆனா அவ இப்ப மூத்த வீட்ல இருப்பா."

"மூத்த வீடா?"

"ஆத்தச் சொல்றேன். என்னைக் கட்டிக்கிட்டது அதுக்கப்புறம்தான். கீழ போங்க, இருபத்தி மூணு படி. வழுக்கும்."

கீழே போனேன். கடைசிப் படியில் கணுக்கால் நனைய ஒரு பெண் நின்று, தேங்காய்நார்த் தூரிகையால் ஒரு கம்பத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையும் கறுப்புமாகச் சென்டிமீட்டர் குறித்த இரும்புப் பட்டை அதில் அறைந்திருந்தது. பாசியைத் தேய்த்து எடுத்ததும் உடனே பார்த்து எழுதிவிடவில்லை. தூரிகையைக் கீழே வைத்து, தான் கலக்கிய தண்ணீர் அடங்கும்வரை நின்றார். பிறகு படியில் குந்தி, கன்னம் தண்ணீரில் படுமளவுக்குத் தலையைச் சாய்த்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று உதடு அசைந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு நோட்டில் எழுதினார். அதற்கப்புறம்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவர் கன்னத்தை நனைத்துக்கொள்ள மாட்டார்.

அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மாறியது. தட்டச்சுக்காரிதான் என்றதும் கொஞ்சம் தெளிந்தது. "அளவுக்காரி"ன்னு கேட்டா இந்தக் கரையில எல்லாரும் கை காட்டுவாங்க, நீ அக்கான்னே கூப்பிடு என்றார். முதல் ஐந்து நிமிடத்துக்குள் நான் 'நீ' ஆகிவிட்டேன்.

அக்காவுக்கு வேலை கிடைத்த கதையை அவரே சொன்னார். இருபத்தெட்டு வயதில் பாலத்தடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, புதிதாகக் கம்பம் நட்ட ஆட்கள், "தினமும் இங்க யாரு வருவீங்க?" என்று கேட்டார்கள். எல்லாரும் இவரைக் கை காட்டினார்கள். அவ்வளவுதான் நேர்முகத்தேர்வு. மகள் பிறந்த அன்று காலைகூட வலியோடு இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனாராம். பெரிய வெள்ளம் வந்த வருடம் பாலத்தின் கைப்பிடியில் கயிறு கட்டி, மறு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற சைக்கிள்காரர், கம்பம் முழுகும்வரை திட்டிக்கொண்டே இருந்தாராம். காய்ச்சலில் படுத்த நாட்களில் அவரையே அனுப்பியிருக்கிறார். "அவர் பாத்து வந்து சொன்னதுக்குக் கீழ கோடு போட்டிருப்பேன், பாரு. முப்பது வருஷத்துல பதினோரு கோடு." அந்தக் கோடுகளை நான் பார்த்திருக்கிறேன். அழகுக்குப் போட்டது என்று நினைத்திருந்தேன்.

நீர் விளிம்பில் ஒரு சேற்றுத் திட்டு வெளியே தெரிந்தது. இரண்டு வாலாட்டிக் குருவிகள் அதன்மேல் ஓடியோடி எதையோ கொத்தின.

"இந்தத் திட்டு முந்தி வெளிய தெரியாது. தண்ணிக்கடியில முழுக்கச் சிப்பியா இருக்கும், கால் வைக்க முடியாது. இப்பத் தேடினாலும் ஒண்ணு கிடைக்காது. வெயில் பட்டு எல்லாம் போச்சு. சிப்பி போச்சா, குருவி வந்துச்சு. புதன்கிழமை மட்டும் குருவிக்கு இடமில்ல, பாவம்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஏங்க்கா? புதன்கிழமை என்ன?"

"ஒண்ணுமில்ல. நேரமாச்சு, நீ கிளம்பு." நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று படியேறினார். நான் விடுவேனா? பின்னாலேயே ஓடினேன். பாதிப் படியில் மூச்சு வாங்க நடந்ததையெல்லாம் சொன்னேன். மேடு, பொறியாளர், முத்திரை, எல்லாம். என் வாயால் வந்த வினை என்பதையும் மறைக்கவில்லை.

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முப்பது வருஷமும் பொய்யின்னா, நான் தினம் எங்கதான் போய்ட்டு வந்தேன்?"

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவரே சொன்னார்: "சத்தியமா ஏறும்மா. புதன்கிழமை ஏறத்தான் செய்யுது. எனக்கே என் கண்ணுமேல சந்தேகம் வந்து, ஒரு வாரம் கண்ணாடி போட்டுப் பாத்தேன், ஒரு வாரம் போடாம பாத்தேன். ஏன் ஏறுதுன்னுதான் தெரியல. இந்தப் பாலத்தத் தாண்டி, தண்ணி வர்ற பக்கம் மேல நான் போனதே இல்ல."

அப்படியானால் நான் போகிறேன் என்று முடிவுசெய்தேன். புதன்கிழமை வயிற்றுவலி என்று விடுப்புச் சொல்லிவிட்டு, ஆற்றை ஒட்டி மேலே போகும் பேருந்தில் ஏறினேன். ஒன்றரை மணி நேரப் பயணம். யாரோ புதன்கிழமை காலையில் அணையைத் திறக்கிறார்கள், தொட்டியைக் கழுவி விடுகிறார்கள், அந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன் என்று மனதுக்குள் ஒரே வீறாப்பு.

அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு கரையிலும் காய்கறித் தோட்டம். நூறு அடிக்கு ஒரு மோட்டார், எல்லாம் ஆற்றில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. விடுகிற ஆள் எவரும் இல்லை, எடுக்கிற ஆட்கள்தான். சொல்லப்போனால் ஆட்களையே காணோம். மோட்டார்கள் தம் பாட்டுக்கு ஓடின, தோட்டங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. எதிரே வந்த பேருந்துகள் மட்டும் கூரைவரை கூடைகளோடு போயின.

"எங்க எல்லாரும்?" என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"இன்னிக்குச் சந்தைல்ல? நேத்துப் பறிச்சதெல்லாம் இன்னிக்கு வண்டியேறும். இந்த ஜனங்களுக்கு உலகமே அழிஞ்சாலும் புதன்கிழமை சந்தை நிக்காது. ஒரு தடவைதான் நின்னுச்சு. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி, கோடைக்காலம். லாரி மோதி இங்கிட்டுப் பாலம் ஒண்ணு இடிஞ்சிருச்சு. அஞ்சு வாரம் சந்தையே இல்ல. தக்காளிய மாட்டுக்குப் போட்டாங்க."

தொங்கின முகத்தோடு திரும்பினேன். ஏற வேண்டிய நாளில் ஏற்றுகிற ஆளே இல்லை என்றால் கணக்கு முடிந்தது. நேராக அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சைக்கிள்காரர் ஒரு டியூபைத் தண்ணீர் வாளியில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எனக்கு டீ ஊற்றியபடியே கேட்டார்:

"அங்கிருந்து பஸ் எவ்வளவு நேரம்?"

"ஒன்றரை மணி."

"தண்ணி பஸ்லயா வரும்? நடந்துதான வரும். வெள்ள வருஷம் மேல பெஞ்ச மழை இங்க வந்து சேர ஒரு நாள் ஆச்சு. கோடையில அதுக்குக் குறையாது. இன்னிக்குக் காலையில நான் பாத்தது நேத்து அங்க இருந்த தண்ணி. நீ ஒரு நாள் பிந்திப் போயிருக்க."

நான் தம்ளரை வைத்துவிட்டேன். நேற்று செவ்வாய். செவ்வாய்க்கிழமை பறிப்பு. ஈர நிலத்தில் இறங்கிப் பறித்தால் காயெல்லாம் சேறு, சந்தையில் எவனும் தொடமாட்டான். அதனால் பறிப்பு நாளில் யாரும் தண்ணீர் பாய்ச்ச மாட்டார்கள்.

"அண்ணே!" என்று கத்தினேன், அவர் டியூபை விட்டுவிட்டார். "செவ்வாய்க்கிழமை மேல அத்தனை மோட்டாரும் நிக்குது! புதன்கிழமை ஆறு ஏறல அண்ணே. மத்த நாளெல்லாம் இறங்கியிருக்கு!"

"மெதுவா சொல்லும்மா, ஓட்டை இருக்கிற இடம் போச்சு" என்றார் அவர். ஆனால் அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது.

மழை மாதங்களில் ஏன் மேடு இல்லை என்பதும் புரிந்தது, அப்போது யாருக்கும் மோட்டார் வேண்டாம். முதல் ஒன்பது வருடம் ஏன் இல்லை? மேலே மோட்டார்களே வந்திருக்கவில்லை. ஒவ்வொன்றாக வந்து பொருந்தியது. அக்கா முகம் மட்டும் மலரவில்லை. டீப் பாத்திரத்தைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, மோட்டாரெல்லாம் இன்னிக்கும் ஓடுது. அப்புறம் ஏன் கடைசிப் பதினாலு வருஷம் நோட்டுல மேடு இல்ல?"

அக்கா பாத்திரத்தை வைத்தார். கணவரைப் பார்த்தார். அவர் எழுந்து வெளியே போய், வேண்டுமென்றே ஒரு சைக்கிள் மணியைக் கழற்றத் தொடங்கினார்.

"பழைய மேலதிகாரி ஒருத்தர் வந்தாரும்மா. நோட்டப் பொரட்டிப் பாத்துட்டு, 'ஆறு என்ன உன் வீட்டுக் காலண்டரப் பாத்தா ஓடுது? கதை எழுதுறியா?'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டார். நேர்ல வந்து பாருங்கன்னேன். அவர் பாலத்து மேலயே நின்னாரு, கீழ இறங்கல. இன்னொரு தடவை புதன்கிழமை ஏறுச்சுன்னா வேற ஆளப் போட்டுடுவேன்னாரு. எனக்குப் பயம். வேற ஆள்னா, அவன் படி இறங்குவானோ மாட்டானோ. அதுலருந்து புதன்கிழமை வந்தா செவ்வாய்க்கிழமை மாதிரியே எழுதிட்டேன்."

"பதினாலு வருஷமா?"

"பதினாலு வருஷமா. ஆனா மொத நாளே தூக்கம் வரல. எழுந்து போய் நோட்ட எடுத்து, எத்தனை சென்டி மறைச்சேனோ அத்தனை புள்ளி பக்கத்துல வச்சேன். யாரு கேக்கப் போறாங்க, ஆத்துக்குத் தெரியட்டும்னு."

ஈக்களின் கைங்கரியம்! நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பதினான்கு வருடப் புள்ளிகளையும் ஒன்று விடாமல் நான்தான் தட்டாமல் விட்டிருந்தேன்.

ஆனால் இதைச் சொன்னால்தான் கணக்கு பிழைக்கும், சொன்னால் அக்கா மாட்டுவார். பதிவேட்டில் தெரிந்தே தப்பாக எழுதுவது எங்கள் அலுவலகத்தில் லேசான குற்றம் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு, ஏழு வருட மேட்டுக்கு மட்டும் காரணம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதை அக்காவிடம் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை.

"பாதிய மறைச்சுப் பாதியச் சொன்னா நாளைக்கு அதையும் நீ புள்ளி வச்சுத்தான் எழுதணும். நானே வர்றேன்."

வெள்ளிக்கிழமை அக்கா அலுவலகத்துக்கு வந்தார். முப்பது வருடத்தில் இரண்டாவது தடவையாம். தேய்த்த உடுப்பு, கையில் ஓடிக்கொண்டிருக்கும் நோட்டு. பொறியாளர் மேசைக்கு எதிரே நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பொறியாளர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அம்மா, நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். ஆனா புள்ளிய எப்ப வேணா வைக்கலாம். போன வாரம் உட்கார்ந்துகூட வச்சிருக்கலாம். நான் கூட்டத்துல என்ன சொல்லட்டும்?"

அக்கா என் பக்கம் திரும்பினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த நோட்டுகள் ஒரு வருடமாக என் அலமாரியில்தான் பூட்டியிருந்தன என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், அதற்கு முந்தியே வைத்திருக்கலாமே என்று அவர் கேட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. அப்போதுதான் நடத்துநர் சொன்ன தக்காளி நினைவுக்கு வந்தது.

"சார், ஒரு நிமிஷம்." ஓடிப்போய்ப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கோடை நோட்டை எடுத்து வந்தேன். அதைத் தட்டியபோது நான் புள்ளிகளைக் கவனித்திருக்கவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று எனக்கே தெரியாது. "அந்த வருஷம் மேல ஒரு பாலம் இடிஞ்சு அஞ்சு வாரம் சந்தை இல்ல. சந்தை இல்லன்னா பறிப்பு இல்ல, மோட்டார் நிக்காது. அக்கா மேல போனதே இல்ல, அவங்களுக்கு இது தெரியாது. நீங்களே பாருங்க."

பொறியாளர் தன் பென்சில் ஒன்றை எடுத்து, புதன்கிழமை புதன்கிழமையாக நகர்த்தினார். நாலு புள்ளி. நாலு புள்ளி. மூன்று புள்ளி. அடுத்து ஒன்றும் இல்லை. அதற்கடுத்தும் இல்லை. ஒன்றும் இல்லாத புதன்கிழமைகள் மொத்தம் ஐந்து. ஆறாவது வாரம் மறுபடி நாலு புள்ளி.

அவர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, நாற்காலியை இழுத்து அக்காவை உட்காரச் சொன்னார்.

"அந்த அஞ்சு வாரம் ஏன் புள்ளி வைக்கல?"

"ஏறல சார். ஏறாததுக்கு எப்படி வைக்க?"

பொறியாளர் சிரித்ததை அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகப் பார்த்தேன். உடனே நிறுத்தியும் விட்டார். "தப்பா எழுதினதுக்கு நான் ஒரு குறிப்பு எழுதித்தான் ஆகணும்மா. உங்கள நம்பாத அதிகாரி படி இறங்கலன்னும் அதுலயே எழுதுவேன். ஆனா இந்தக் கணக்கு எங்கயும் போகாது." அவர் என் பக்கம் திரும்பினார். "கூட்டத்துக்குப் புதன்கிழமைகள மட்டும் தனியாப் பிரிச்சுக் கொடுங்க. புள்ளியெல்லாம் கூட்டி. இவ்வளவு நாளா நாம ஆத்தோட அளவுன்னு நினைச்சதெல்லாம் எடுத்தது போக மிச்சம். ஆறு எவ்வளவுன்னு தெரிஞ்சது வாரத்துல அந்த ஒரு நாள்தான்."

அக்கா மெதுவாகக் கேட்டார்.

"அப்போ சார், ஆத்த முழுசா நான் பாத்தது அந்த ஒரு நாள்தான். அந்த ஒரு நாளத்தானா நான் பொய்யா எழுதினேன்?"

பொறியாளர் பென்சிலைச் சரியாக வைத்தார். அக்கா அழுதார். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அடுத்த பத்து நாளும் மத்தியானத்தில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் நோட்டைப் பார்த்துப் புள்ளிகளை எண்ணிச் சொல்லச் சொல்ல, நான் கூட்டித் தட்டினேன். கோட்டில் பதினான்கு வருடத்து மேடுகளும் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. கூட்டத்தில் அந்தக் கோட்டைத்தான் சுவரில் மாட்டினார்கள். மேலே மோட்டார்களே இவ்வளவு எடுக்கும்போது குழாய்க்குக் கொடுக்க மிச்சமில்லை என்று அது காட்டியது. குழாய் கேட்டவர்கள் அரை மணி நேரம் வாதாடிப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடப் போனார்கள். தோட்டக்காரர்களின் மோட்டாரை என்ன செய்வது என்பதற்கு இன்னும் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சிப்பி திரும்பி வருமா என்று அக்காவைக் கேட்டேன். தண்ணி இருந்தா அது ஏன் வராம இருக்கப் போகுது என்றார்.

அவருடைய கடைசிப் புதன்கிழமை நானும் இறங்கினேன். விடுப்பு எதுவும் சொல்லவில்லை, பொறியாளர்தான் அனுப்பினார். திட்டு தண்ணீருக்கடியில் இருந்தது, குருவிகள் வரவில்லை. அக்கா கம்பத்தைத் தேய்த்தார், தண்ணீர் அடங்கக் காத்திருந்தார், கன்னத்தைச் சாய்த்தார். செவ்வாய்க்கிழமை நூற்று முப்பத்தெட்டு என்று இருந்த வரிக்குக் கீழே நூற்று நாற்பத்திரண்டு என்று எழுதினார். பழக்கத்தில் பேனா எண்ணுக்குப் பக்கத்தில் இறங்கியது. காகிதத்தில் படுமுன் கை நின்றது. பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, "வா, டீ குடிக்கலாம்" என்று படியேறினார்.